சூப்பர் லீக் வழக்கு: மாட்ரிட் எதை வென்றது, எதை வெல்லவில்லை?

வலைகாப்பான் | 1 நவம்பர் 2025

2021இல் ஐரோப்பாவின் 12 முன்னணிக் கிளப்புகள் யூஃபாவுக்கு வெளியே தொடங்க முயன்ற தனி லீக்தான் சூப்பர் லீக். அது தொடர்பான வழக்கில், அக்டோபர் 29 அன்று மாட்ரிட் மாகாண நீதிமன்றம் ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யூஃபா, ஸ்பெயின் கால்பந்துச் சம்மேளனம், ஸ்பெயினின் முதன்மை லீக்கான லா லிகா ஆகிய மூன்று தரப்பின் மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தது. அன்று முதல் "சூப்பர் லீக் ஜெயித்துவிட்டது" என்ற வரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. ரியல் மாட்ரிட் கிளப்பும் தன் அறிக்கையில் யூஃபாவிடம் பெருந்தொகை நஷ்டஈடு கோரப்போவதாகச் சொல்லியிருக்கிறது. அந்தத் தொகை 400 கோடி யூரோவுக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன.

இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுபவர்களும் திட்டுபவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. நீதிமன்றம் சூப்பர் லீக்குக்கு அனுமதி கொடுக்கவில்லை. யூஃபாவும் ஃபிஃபாவும் 2021 ஏப்ரலில் அந்தத் திட்டத்தைத் தடுக்கக் கையாண்ட விதிகள் சட்டவிரோதமானவை என்று மட்டுமே சொன்னது. முதல் தீர்ப்பை 2024 மே 27 அன்று வழங்கிய மாட்ரிட் வணிக நீதிமன்றமும், அந்த லீக்கை அங்கீகரிக்கும்படி யூஃபாவுக்கு உத்தரவிட முடியாது என்று தெளிவாக எழுதியிருந்தது.

ஆகவே என் கேள்வி இதுதான். தடுத்தது தவறு என்று நிரூபித்துவிட்டார்கள்; தடுத்ததால்தான் நஷ்டம் வந்தது என்று நிரூபிக்க முடியுமா? முடியாது என்பது என் எண்ணம். சட்டம் தெரிந்தவர்களும் கணக்குத் தெரிந்தவர்களும் வந்து சொல்லுங்கள்.

---

தீர்ப்பு வாசகன் | 1 நவம்பர் 2025

கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. பதில் சொல்லுமுன் வழக்கு வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் இங்கே பலர் நடுவிலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள்.

2021 ஜனவரி 21 அன்றே ஃபிஃபாவும் ஆறு கண்டச் சம்மேளனங்களும் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. இப்படி ஒரு தனி லீக் தொடங்கினால் அதை அங்கீகரிக்க மாட்டோம், அதில் ஆடும் கிளப்புகளும் வீரர்களும் எங்கள் போட்டிகளில் ஆட முடியாது என்பதே அதன் சாரம். உலகக் கோப்பையில் ஆட முடியாது என்று ஒரு வீரரிடம் சொல்வது சாதாரண மிரட்டல் அல்ல. ஏப்ரல் 18 அன்று 12 கிளப்புகள் சூப்பர் லீக்கை அறிவித்தன. ஏப்ரல் 20 அன்று மாட்ரிட்டின் 17ஆம் எண் வணிக நீதிமன்றம், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே, அந்தக் கிளப்புகள்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது. மே மாதத்தில் அதே நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தொடர்பான கேள்விகளை லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அதுதான் சி-333/21 என்ற எண் கொண்ட வழக்கு.

அங்கே 2022 டிசம்பரில் நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகர் அதனாசியோஸ் ரான்டோஸ் கொடுத்த கருத்துரை ஏறத்தாழ முழுக்க யூஃபா பக்கம் சாய்ந்திருந்தது. யூஃபா அன்றே வென்றுவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2023 டிசம்பர் 21 அன்று, பேரமர்வு வேறு திசையில் போனது. முன் அனுமதி என்ற ஏற்பாட்டை நீதிமன்றம் தவறென்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போட்டி அட்டவணைகள் மோதக் கூடாது, தகுதியின் அடிப்படையில் போட்டி நடக்க வேண்டும் என்பதற்காக அனுமதி கேட்கச் சொல்வது நியாயமே. ஆனால் அனுமதி கொடுக்கும் அமைப்பே அந்தச் சந்தையில் போட்டி நடத்திச் சம்பாதிக்கும் அமைப்பாகவும் இருக்கும்போது, எந்த அளவுகோலில் அனுமதி, எந்த அளவுகோலில் மறுப்பு என்பது வெளிப்படையாக, பாகுபாடின்றி, அளவுக்கு மீறாமல் எழுதப்பட்டிருக்க வேண்டும். 2021இல் யூஃபாவிடம் அப்படி எழுதிவைத்தது எதுவுமில்லை. "எங்களைக் கேள்" என்ற ஒற்றை வரிதான் இருந்தது.

இப்போது வலைகாப்பானின் கேள்வி. நீதிமன்றம் அந்த விதிகளை "நோக்கத்திலேயே போட்டியைத் தடுப்பவை" என்ற வகையில் வைத்தது. போட்டிச் சட்டத்தில் அந்த வகைக்கு ஒரு வசதி உண்டு: விதியின் தன்மையே குற்றமாகிவிடுவதால், நடைமுறையில் அது என்ன விளைவை உண்டாக்கியது என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. வழக்குத் தொடுத்த சூப்பர் லீக் நிறுவனம் வென்றது இந்தப் பாதையில்தான். நஷ்டஈட்டு வழக்கிலோ விளைவு ஒன்றுதான் கேள்வி. இத்தனை ஆண்டு சுமக்காமல் விட்ட மூட்டையை இனிமேல்தான் தூக்க வேண்டும்.

இன்னொன்று. 2014ஆம் ஆண்டின் ஐரோப்பிய நஷ்டஈட்டு நெறிமுறை, போட்டியாளர்கள் தங்களுக்குள் சேர்ந்து செய்யும் கூட்டுச் சதி (கார்டெல்) வழக்குகளில் மட்டுமே "நஷ்டம் நேர்ந்தது" என்ற அனுமானத்தை வழக்காடிக்குச் சாதகமாக வைக்கிறது. ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்திய வழக்குகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

---

வியாசர்பாடி வீரன் | 2 நவம்பர் 2025

சட்டப் பாடம் நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் அந்த லீக்கைக் கொன்றது யார் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு நீதிபதியும் தேவையில்லை, அன்று இரவு விழித்திருந்தவர்களைக் கேட்டாலே போதும்.

2021 ஏப்ரல் 20 தமிழ்நாட்டில் இரவு ஊரடங்கு தொடங்கிய நாள். எங்கள் தெரு பத்து மணிக்கே அடங்கிவிட்டது. செல்சி, பிரைட்டன் ஆட்டம் நம் நேரப்படி நள்ளிரவு 12:30க்குத் தொடங்க வேண்டும். ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் வாசலில் ரசிகர்கள் சாலையை மறித்து நின்றதால் செல்சி வீரர்களின் பேருந்து உள்ளே போக முடியவில்லை. முன்னாள் கோல்கீப்பர் பீட்டர் செக், அப்போது கிளப்பின் ஆலோசகர், தெருவில் இறங்கி, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கூட்டத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செல்சி விலகுகிறது என்ற செய்தி வந்தது. கூட்டம் கோல் விழுந்ததுபோலக் குதித்தது. ஆட்டம் கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கி 0-0 என முடிந்தது. யாருக்கும் ஆட்டம் நினைவில் இல்லை.

அன்று இரவு முடிவதற்குள் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் வெளியேறிவிட்டன. யூஃபா மிரட்டியதாலா போனார்கள்? தங்கள் வாசலில் நின்ற சொந்த ரசிகர்களைப் பார்த்துத்தானே போனார்கள்? மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் அதற்குப் பிறகும் விடவில்லை. மே 2 அன்று ஓல்டு டிராஃபோர்டுக்குள் புகுந்து லிவர்பூல் ஆட்டத்தையே தள்ளிவைக்கச் செய்தார்கள். இதற்கு யூஃபா எப்படி 400 கோடி கொடுக்கும்?

---

தீர்ப்பு வாசகன் | 2 நவம்பர் 2025

வீரன் சொன்ன தேதியை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள், யூஃபா வழக்குரைஞர்களும் அதைத்தான் கையில் எடுப்பார்கள். மாட்ரிட் நீதிமன்றம் கிளப்புகளுக்குப் பாதுகாப்பு வழங்கி இடைக்காலத் தடை விதித்ததும் ஏப்ரல் 20. ஆறு கிளப்புகள் ஓடியதும் ஏப்ரல் 20. குடை விரித்த நாளிலேயே குடைக்குள்ளிருந்து இறங்கிப் போனார்கள். மழைக்குப் பயந்து போனார்கள் என்று எப்படிச் சொல்வது?

---

கணக்குப்பிள்ளை | 3 நவம்பர் 2025

தணிக்கைத் துறையில் இருப்பவன் என்பதால் பணத்தின் பக்கத்திலிருந்து பேசுகிறேன். சட்டத்தை வாசகன் ஐயாவிடமே விட்டுவிடுகிறேன்.

அறிவிப்பு நாளன்று நிறுவனர் கிளப்புகளுக்கு 350 கோடி யூரோ "கட்டமைப்புக்காக" வழங்கப்படும் என்று சொன்னார்கள். ஜேபி மார்கன் வங்கி ஏற்பாடு செய்த நிதி சுமார் 325 கோடி யூரோ. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 29,000 கோடி ரூபாய். இதை நிறையப் பேர் பரிசுத்தொகை என்று நினைத்துக்கொண்டார்கள். இது கடன். வெளிவந்த விவரப்படி 23 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த வேண்டியது, வட்டி 2 முதல் 3 சதவீதம். பிணையாக நின்றது லீக்கின் எதிர்கால ஒளிபரப்பு வருமானம். அந்த வருமானத்தைத் தருவதாக ஏப்ரல் 18 அன்று எந்தத் தொலைக்காட்சி நிறுவனமும் அறிவிக்கவில்லை.

சுலபமாக ஒரு கணக்குப் போடலாம். 325ஐ 23ஆல் வகுத்தால் அசல் மட்டும் ஆண்டுக்கு 14 கோடி யூரோ. 3 சதவீத வட்டி என்றால் முதல் ஆண்டில் ஏறக்குறைய 10 கோடி. ஆக, பந்து உருளும் முன்பே 24 கோடி யூரோ வங்கிக்குப் போகும். இதற்கு மேல், தொடக்க ஒப்பந்தக் காலத்தில் மற்றக் கிளப்புகளுக்கு ஆதரவுத் தொகையாக 1,000 கோடி யூரோவுக்கு மேல் தருவதாக அவர்களே வாக்குக் கொடுத்திருந்தார்கள். இந்த இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் இவர்கள் "இழந்த" லாபம். ஒப்பிட வேண்டுமென்றால், யூஃபாவின் புதிய சாம்பியன்ஸ் லீக்கில் பங்கேற்கும் கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் தொகை ஒரு பருவத்துக்கு 246.7 கோடி யூரோ. அதைத் தாண்டினால்தான் நஷ்டம் என்ற சொல்லுக்கே பொருள் உண்டு, ஏனெனில் இந்தக் கிளப்புகள் இடைப்பட்ட காலம் முழுவதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடி அந்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் இருந்தன. ரியல் மாட்ரிட் 2022இலும் 2024இலும் கோப்பையையே வென்றது. தோட்டத்தை இழந்தேன் என்று வழக்குப் போடுபவர், அதே காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் பறித்த மாங்காய்க்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம் பங்குச் சந்தை. ஏப்ரல் 19 அன்று யுவென்டஸ் பங்கு மிலான் சந்தையில் 18 சதவீதம் அளவுக்கு ஏறியது. இரண்டு நாளில் இறங்கிவிட்டது. லீக்கின் மதிப்பைச் சந்தை எடை போட்ட ஒரே தருணம் அதுதான். அந்த 48 மணி நேரத்தை வைத்து 23 ஆண்டு லாபத்தைக் கணக்கிட எந்த நிபுணரைக் கொண்டுவருவார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

---

பார்சா பித்தன் | 3 நவம்பர் 2025

எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து பேசுவதால் மறுபக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். வியாசர்பாடி நண்பர் சொல்லும் ரசிகர் எழுச்சி இங்கிலாந்தில் நடந்தது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அந்த அளவில் யாரும் தெருவுக்கு வரவில்லை. அட்லெடிகோவும் இன்டரும் மிலானும் மறுநாள் ஏன் விலகின?

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். மே 7 அன்று விலகிய ஒன்பது கிளப்புகளும் யூஃபாவுடன் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டன. கூட்டாக 1.5 கோடி யூரோ குழந்தைகள் கால்பந்துக்கு நன்கொடை. ஒரு பருவத்தின் ஐரோப்பியப் போட்டி வருமானத்தில் 5 சதவீதம் பிடித்தம். இனி அனுமதியில்லாத போட்டியில் ஆட முயன்றால் 10 கோடி யூரோ அபராதம். உறுதிமொழியின் மற்ற நிபந்தனைகளை மீறினால் 5 கோடி. கையெழுத்திடாத மூன்று கிளப்புகள்மீது, அதாவது ரியல் மாட்ரிட், பார்சிலோனா, யுவென்டஸ்மீது, அதே மாதம் ஒழுங்கு நடவடிக்கை தொடங்கினார்கள். ஜூனில் அதை நிறுத்திவைத்து, செப்டம்பரில் செல்லாது என்று கைவிட்டதெல்லாம் நீதிமன்றத்தின் பிடியால்தான்.

மனம் மாறி வீடு திரும்பிய பிள்ளையிடம் யாராவது 10 கோடி யூரோ பத்திரம் எழுதி வாங்குவார்களா? அந்த உறுதிமொழிப் பத்திரமே மிரட்டலுக்குச் சான்று. திட்டத்தை மாற்றி, நிறுவனர் கிளப்புகளுக்கு நிரந்தர இடம் தரும் மூடிய லீக் என்ற குறையை நீக்கி, மறுபடி கொண்டுவரலாம் என்றிருந்த வாய்ப்பையும் அந்த 10 கோடி அபராதம் அடைத்துவிட்டது. சூப்பர் லீக் திட்டத்தை முன்னெடுத்த ஏ22 நிறுவனம் 2023 டிசம்பரில் ஆண்களுக்கு 64 கிளப்புகள் கொண்ட மூன்றடுக்கு லீக்கையும், 2024 டிசம்பரில் 96 கிளப்புகள் கொண்ட யூனிஃபை லீக்கையும் முன்வைத்தது. அவற்றுக்கு ஆள் சேராததற்கு ரசிகர்கள் காரணமா, பத்திரம் காரணமா?

---

தீர்ப்பு வாசகன் | 4 நவம்பர் 2025

பித்தன் தம்பி வைத்த வாதம்தான் ரியல் மாட்ரிட்டின் மிக வலுவான வாதம். நான் அவர்கள் வழக்குரைஞராக இருந்தால் 2021 ஏப்ரலைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். மே 7இலிருந்துதான் கதையைத் தொடங்குவேன். இழந்தது லாபத்தை அல்ல, வாய்ப்பை என்று வாதிடுவேன். வாய்ப்பிழப்புக்கும் ஸ்பானிய நீதிமன்றங்கள் இழப்பீடு தருவதுண்டு. ஆனால் அந்த வாய்ப்பு கைகூடக்கூடியதாக இருந்தது என்பதைக் காட்ட வேண்டும். தொகையும் அதற்கேற்பச் சுருங்கும். வெறும் கனவைக் காட்டி வருங்கால லாபம் கேட்டால் அங்கே கடுமையாகத்தான் பார்ப்பார்கள்.

அதிலும் இரண்டு இடறல்கள். பாயர்ன் மியூனிக், டார்ட்மண்ட், பாரிஸ் செயின்ட் ஜெர்மேன் மூன்றும் தொடக்கத்திலிருந்தே சேராதவர்கள். நிறுவனர் கிளப்புகள் 15 என்று திட்டத்தில் எழுதிவைத்து, அறிவிப்பில் 12 பெயர்களை மட்டும் போட நேர்ந்தது ஏன்? ஜெர்மனியில் 50+1 விதிப்படி கிளப்பின் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர் கையில் இருக்கிறது. உறுப்பினர் எதிர்க்கும் லீக்கில் போய்ச் சேர முடியாது. இரண்டாவது, இங்கிலாந்து. பிரீமியர் லீக் ஆறு கிளப்புகளிடமும் கூட்டாக 2.2 கோடி பவுண்டு வாங்கிக்கொண்டு, மறுபடி முயன்றால் 30 புள்ளி பறிப்பு, தலைக்கு 2.5 கோடி பவுண்டு அபராதம் என்று விதி போட்டது. இது யூஃபா போட்ட விதியல்ல. போதாக்குறைக்கு இந்த ஆண்டு ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, தனி ஒழுங்காணையமே வந்துவிட்டது. தடை செய்யப்பட்ட போட்டியில் இங்கிலாந்துக் கிளப்புகள் ஆட முடியாது என்பதை இப்போது நாடாளுமன்றச் சட்டமே சொல்கிறது. ஆறு இங்கிலாந்துக் கிளப்புகள் இல்லாத சூப்பர் லீக்குக்கு ஒளிபரப்பு உரிமை என்ன விலை போகும் என்பதைக் கணக்குப்பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை | 4 நவம்பர் 2025

விலை சொல்ல மாட்டேன், கடன்காரர் மனநிலையைச் சொல்கிறேன். மற்றவர்கள் போன பிறகும் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் ஏன் பிடிவாதமாக நின்றன என்பது ஐந்தொகையைப் பார்த்தால் புரியும். 2021 ஆகஸ்டில் பார்சிலோனா தலைவர் லாபோர்டா, கிளப்பின் மொத்தக் கடன் 135 கோடி யூரோ என்று அறிவித்தார். மெஸ்ஸியைத் தக்கவைக்க முடியாமல் கண்ணீரோடு அனுப்பிவைத்த அதே மாதம். மறு ஆண்டு தன் லா லிகா ஒளிபரப்பு வருமானத்தில் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்குச் சிக்ஸ்த் ஸ்ட்ரீட் நிறுவனத்துக்கு விற்றது. ரியல் மாட்ரிட் பெர்னபாவு மைதானப் புதுப்பிப்புக்கு வாங்கிய கடன் 100 கோடி யூரோவைத் தாண்டியது. உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் இந்த இரண்டு கிளப்புகளுக்கும், சொந்தக் காசைக் கொண்டுவந்து கொட்ட ஓர் எண்ணெய் நாட்டு முதலாளியோ அமெரிக்க நிதியோ கிடையாது. நாளைய வருமானத்தை இன்றே விற்பது தவிர அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த வழியின் மிகப் பெரிய விற்பனைதான் சூப்பர் லீக்.

இதனால் அவர்கள்மீது எனக்குக் கொஞ்சம் பரிவும் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். போட்டி நடத்தும் யூஃபாவே உரிமத்தையும் கொடுத்து, பணத்தையும் பிரித்து, தண்டனையும் விதிப்பது எந்தத் தணிக்கையாளருக்கும் உறுத்த வேண்டிய ஏற்பாடு. கல்லாப்பெட்டிச் சாவியும் பேரேடும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.

---

வியாசர்பாடி வீரன் | 5 நவம்பர் 2025

கல்லாப்பெட்டி என்றதும் நம் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 2007இல் ஜீ குழுமம் இந்தியன் கிரிக்கெட் லீக் நடத்தியபோது, கிரிக்கெட் வாரியம் அதில் ஆடியவர்களைத் தன் போட்டிகளிலிருந்து ஒதுக்கிவைத்தது. முதல் கோப்பையைச் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் வென்றது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? ஒதுக்கப்பட்ட வீரர்கள் 2009இல் பொதுமன்னிப்பு பெற்றுத்தான் திரும்பினார்கள். அந்த வழக்கெல்லாம் என்ன ஆயிற்று?

---

தீர்ப்பு வாசகன் | 5 நவம்பர் 2025

நல்ல ஒப்பீடு, ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மாட்ரிட்டுக்குத் திரும்புகிறேன். ஐபிஎல் ஒளிபரப்பு ஒப்பந்தத்தில், இதற்குப் போட்டியாக வேறு லீக்கை அங்கீகரிக்க மாட்டோம் என்று வாரியம் வாக்குக் கொடுத்திருந்தது. அது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2013இல் 52.24 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2015இல் அதை ரத்து செய்து திருப்பியனுப்ப, ஆணையம் 2017இல் மறுபடி அதே தொகையை விதித்தது. ஒழுங்கு செய்பவரும் வியாபாரம் செய்பவரும் ஒருவராக இருப்பதுதான் இரண்டு இடத்திலும் கோளாறு. அங்கேயும் சட்டவிரோதம் என்ற தீர்ப்பு வந்தபோது போட்டி லீக் உயிரோடு இல்லை.

சூப்பர் லீக்கைப் பொறுத்தவரை இதில் ஒரு வேறுபாடு உண்டு. யூஃபா 2022 ஜூனிலேயே முன் அனுமதி விதிகளைத் திருத்தி எழுதிவிட்டது; 2024இல் மறுபடி புதுப்பித்தது. இப்போதைய தீர்ப்பு கைவிடப்பட்ட பழைய திட்டத்தையும் பழைய விதிகளையும் பற்றியதுதான், நடப்பு விதிகளைத் தொடவில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. ஆகவே இனி நடக்கப்போவது பழைய காயத்துக்கான விலை பேசும் வழக்கு மட்டுமே. அந்த வழக்கு விசாரணை மேடை ஏறாது, அதற்குள் பேசி முடித்துக்கொள்வார்கள் என்பது என் கணிப்பு.

---

பார்சா பித்தன் | 5 நவம்பர் 2025

ஏறும். ரியல் மாட்ரிட் தலைவர் ஃப்ளோரென்டினோ பெரெஸ் பாதியில் விடும் ஆள் இல்லை. வாசகன் ஐயாவோடு ஒரு கிலோ மணப்பாறை முறுக்குப் பந்தயம். சமரசம் ஆகிவிட்டால் நான் அனுப்புகிறேன், வழக்கு விசாரணைக்கு வந்தால் அவர் அனுப்பட்டும்.

---

நெறியாளர் | 6 நவம்பர் 2025

பந்தயம் முறுக்கில் இருப்பதால் அனுமதிக்கப்படுகிறது. இரண்டு பதிவுகள் தனிப்பட்ட தாக்குதல் காரணமாக நீக்கப்பட்டன. தீர்ப்பைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

---

வலைகாப்பான் | 13 பிப்ரவரி 2026

மூன்று மாதம் தூங்கிய இழையை எழுப்புகிறேன், காரணம் எல்லாருக்கும் தெரியும். பிப்ரவரி 7 அன்று பார்சிலோனா சூப்பர் லீக் திட்டத்திலிருந்து முறைப்படி விலகியது. யுவென்டஸ் எப்போதோ போய்விட்டதால் ரியல் மாட்ரிட் தனித்து நின்றது. பிப்ரவரி 11 அன்று ரியல் மாட்ரிட்டும் யூஃபாவும் ஐரோப்பியக் கிளப்புகளின் சங்கமும் சேர்ந்து, கொள்கையளவில் உடன்பாடு கண்டுவிட்டதாக அறிவித்தன. அறிவிப்பில் தகுதியின் அடிப்படையிலான போட்டி, கிளப்புகளின் நீண்டகால நிதிநிலை, தொழில்நுட்பத்தின் வழியாக ரசிகர் அனுபவம் என்று பொதுவான சொற்கள்தான் உள்ளன. 400 கோடி பற்றி ஒரு சொல்கூட இல்லை.

---

கணக்குப்பிள்ளை | 13 பிப்ரவரி 2026

எண் எதுவும் இல்லாத உடன்பாட்டு அறிக்கையைப் படிக்கும்போது, அதில் எந்தச் சொல்லை யார் கேட்டு வாங்கியிருப்பார் என்று பார்ப்பது என் பழக்கம். "தகுதியின் அடிப்படை" யூஃபா கேட்ட சொல். "நீண்டகால நிதிநிலை" கிளப்புகளின் சொல். "தொழில்நுட்பம்" என்பதுதான் என் கண்ணில் பட்டது. யூனிஃபை லீக் திட்டத்தின் மையமே ரசிகர்களுக்கு நேரடியாக ஆட்டங்களைக் காட்டும் இணையத் தளம்தான். லீக் போய்விட்டது, தளத்தின் நிழல் மட்டும் உடன்பாட்டுக்குள் நுழைந்திருக்கிறது என்று ஊகிக்கிறேன்.

சட்டப்படி வென்று, மேல்முறையீட்டிலும் வென்று, 105 நாளில் சமரசத்துக்கு வந்திருக்கிறார்கள். நஷ்டத்தை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

---

வியாசர்பாடி வீரன் | 13 பிப்ரவரி 2026

அப்படியானால் முறுக்கு?

---

பார்சா பித்தன் | 14 பிப்ரவரி 2026

அறிக்கையைக் கவனமாகப் படியுங்கள். இந்தக் கொள்கைகள் "நிறைவேற்றப்பட்டு நடைமுறைக்கு வந்தவுடன்" சட்டத் தகராறுகள் தீரும் என்றுதான் இருக்கிறது. தீர்ந்துவிட்டன என்று இல்லை. நிபந்தனை நிறைவேறும்வரை முறுக்கு அனுப்பப்பட மாட்டாது.

---

தீர்ப்பு வாசகன் | 14 பிப்ரவரி 2026

தம்பி சொல்வது சட்டப்படி சரி. கடையில் சொல்லி மட்டும் வையுங்கள்.